ஒரே ஆய்வின் இரு முனைகள்

திருத்துறைப்பூண்டி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே சம்பாப் பயிர் தூர் கட்டும் பருவத்தில் இருக்கிறது. நீரிலும் மண்ணிலும் எஞ்சும் பூச்சிக்கொல்லிகளை அளக்கும் பணியை விட்டுவிட்டு, பருவநிலை மாற்றத்துக்கு வேளாண்மையைத் தகவமைக்கும் ஆய்வுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். போகவேண்டாம் என்பேன், டெல்டாவில் அவை இரண்டும் வேறு வேறல்ல.

நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியையே எடுத்துக்கொள். வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து, தழைச்சத்து மிகுந்து, பயிரும் நெருக்கமாக நின்றால் தூரின் அடியில் அது பெருகுகிறது. உழவர் பதறிப்போய் மருந்தடிக்கிறார். கண்டதையும் கொல்லும் மருந்தாக இருந்தால் சிலந்திகளும், புகையானின் முட்டையை உறிஞ்சி வாழும் நாவாய்ப்பூச்சிகளும் முதலில் மடிகின்றன. தண்டுக்குள் செருகப்பட்ட முட்டைகளோ தப்பித்து, எதிரிகள் இல்லாத வயலில் பொரிக்கின்றன. பிறகு பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோகிறது. இந்தோனேசிய அரசு இதை உணர்ந்து 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது; மருந்துக்கான மானியத்தையும் படிப்படியாக நிறுத்தி, 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகளை நடத்தியது. அதனால் அந்நாட்டின் நெல் உற்பத்தி சரிந்துவிடவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் கடைவீதிகளில் உழவருக்கு ஆலோசனை சொல்பவர் மருந்துக் கடைக்காரராகவே இருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இனி வெள்ளத்துக்கு வருவோம். வெள்ளம் தாங்கும் நெல் ரகமான சி.ஆர். 1009 சப் 1 நல்ல தகவமைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்து கிடைத்த மரபணு, மூழ்கிய பயிரை வீணாக நீளவிடாமல் அடக்கி, சேமித்த சத்தைக் காப்பாற்றுவதால், ஏறத்தாழ இரண்டு வாரம் நீருக்குள் கிடந்தும் அது மீண்டெழுகிறது. ஆனால் நீர் வடிந்ததும் பயிரைத் தேற்ற யூரியா இடுகிறோம். அளவு மீறினால் அந்த இளந்தழையே புகையானுக்கு விருந்தாகிறது, மீண்டும் தெளிப்பான் தோளில் ஏறுகிறது. வெள்ளத்திலிருந்து மீட்ட பயிரை மருந்தின் கையில் ஒப்படைப்பதைத் தகவமைப்பு என்று என்னால் ஏற்க இயலவில்லை.

அடித்த மருந்து வயலோடு நிற்பதுமில்லை. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி நீரில் எளிதாகக் கரைந்து வடிகால் வழியே குளத்துக்குப் போகும். குளோர்பைரிபாஸ் என்ற இன்னொன்று வண்டலில் ஒட்டிக்கொண்டு நகரும். ஆகவே நீரை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் தெரியும். மழை ஓய்ந்த பிறகு மாதிரி எடுப்பதும் போதாது. தெளித்த பின் பெய்யும் முதல் கனமழையின்போதே வடிகால் நீரையும், குளத்தின் வாய்ப்பகுதிச் சேற்றையும் சேர்த்து எடுக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழை சில நாட்களில் கொட்டித் தீர்க்கும்போது இந்த ஓட்டம் எவ்வளவு என்பதை உன்னைப்போன்ற வேதியியலாளர்தான் சொல்லமுடியும்.

எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டு நட்டு, வரப்பில் தட்டைப்பயறு விதைத்து, யூரியாவைப் பிரித்து இடும் வயல்கள் இங்கே சில உள்ளன. வழக்கமாக மருந்தடிக்கும் வயல்கள் அவற்றுக்கு அருகிலேயே இருக்கின்றன. இரண்டின் வடிகால்களையும் ஒப்பிட நீ விரும்பினால் உழவர்களிடம் நானே பேசுகிறேன். மாதிரிச் சேற்றை எந்தக் கலத்தில், எவ்வளவு குளிரில் வைத்து அனுப்பவேண்டும் என்பதை மட்டும் மழை தொடங்குமுன் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்