லித்தியம் பேட்டரியின் குளிர்காலச் சார்ஜ் பாதுகாப்பு வேலை செய்யாதது பற்றிய புகார்

அனுப்புநர்:
கேம்பர்வேனுக்காக உங்கள் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரியை வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 12.8 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி – உறைநிலைக்குக் கீழே சார்ஜை நிறுத்தாதது – வாரண்டி மறுப்பை மறுபரிசீலனை செய்யக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இந்தப் பேட்டரி பற்றி ஏற்கெனவே மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் வந்தது ஒரே பதில்: உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தது பயனரின் தவறு, அதனால் வாரண்டி செல்லாது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஏன் என்று காட்டும் அளவீடுகள் இப்போது என் கையில் இருக்கின்றன. பேட்டரியைத் திறந்து எடுத்த படங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து இந்த முறை தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

போன வருடம் குளிர் தொடங்கும் முன்பே இந்தப் பேட்டரியை வாங்கினேன். அதுவரை வேனில் இருந்தது லெட்-ஆசிட் பேட்டரி. லித்தியத்துக்கு மாறத் தயங்கியதற்கு ஒரே காரணம் குளிர்தான். நாங்கள் குளிர்காலத்திலும் வேனில் போய்த் தங்குகிறவர்கள். பேட்டரி இருப்பது பின்கதவை ஒட்டிய பெட்டியில். ஹீட்டரின் சூடு அங்கே வராது. இதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே உங்கள் விற்பனைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். "குளிரில் பிஎம்எஸ் தானாகவே சார்ஜை நிறுத்திவிடும், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்று பதில் வந்தது. (பிஎம்எஸ் என்பது பேட்டரிக்குள்ளேயே இருந்து அதைக் காக்கும் மின்னணுப் போர்டு.) அந்த மின்னஞ்சலும் இணைப்பில் இருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "மைனஸ் 20 முதல் 60 டிகிரி வரை" என்று போட்டிருக்கிறீர்கள். அது பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கான அளவு மட்டும்தான். சார்ஜ் ஏற்றுவதற்கு 0 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது கையேட்டின் உள்ளே, ஒரு அட்டவணையின் கடைசி வரியில்தான் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. மின்சாரம் எடுக்கும்போது லித்தியம் அயனிகள் எதிர்மின்முனையில் இருக்கும் கிராஃபைட்டை விட்டு வெளியே வருகின்றன, அதைக் குளிரிலும் செய்யலாம். சார்ஜ் ஏறும்போது அதே அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். குளிரில் அந்த நுழைவு மந்தமாகிவிடும். சார்ஜரோ அதே வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே இடம் கிடைக்காத லித்தியம் கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது. அதில் ஒரு பகுதி மறுபடி வேலைக்கே வராது. போன கொள்ளளவு போனதுதான். படிவு கூர்மையாக வளர்ந்து நடுவில் இருக்கும் பிரிப்பானைத் துளைத்தால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் வாய்ப்பும் உண்டு. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. ஆனால் இது தெரிந்த ஒரு நிறுவனம் "மைனஸ் 20" என்பதை மட்டும் பெட்டியின் முகப்பில் அச்சடித்திருக்கக் கூடாது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

குளிர்காலத்தின் பாதி வரை எந்தக் குறையும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணமும் உண்டு. இந்த வகைப் பேட்டரியில் வோல்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும், பிறகு ஒரேயடியாக விழும். கொள்ளளவு குறைந்திருந்தாலும் காலையில் பார்த்தால் மீட்டர் 13.2 வோல்ட் என்றே காட்டும். ஒரு நாள் பின்னிரவு மூன்றரை மணிக்கு டீசல் ஹீட்டர் நின்றுவிட்டது. விளக்கும் எரியவில்லை. பேட்டரி முழுவதுமாகத் தன்னைத் துண்டித்துக்கொண்டிருந்தது. வெளியே மைனஸ் 9 டிகிரி. மகளுக்கு ஆறு வயது. அவளை எங்கள் இருவருக்கும் நடுவே படுக்க வைத்து, இருந்த போர்வை எல்லாவற்றையும் மேலே போட்டுவிட்டு, விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் திடீரென்று போனால் டீசல் ஹீட்டர் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளாமலேயே நின்றுவிடும், அது ஹீட்டருக்கும் கேடு. ஆனால் அன்று எனக்கு ஹீட்டரைப் பற்றிய கவலை இல்லை.

முன்னிரவு படுக்கும்போது பேட்டரியில் இன்னும் 88 சதவீதம் சார்ஜ் இருப்பதாக உங்கள் ஆப் காட்டியது. அந்த 88 சதவீதத்தை நம்பித்தான் தூங்கினோம்.

ஊர் திரும்பியதும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தேன். இரண்டு நாள் 25 டிகிரி அறையில் வைத்து, 14.4 வோல்ட் வரை முழுதாக சார்ஜ் செய்து, பிறகு சீராக 20 ஆம்பியர் எடுத்து பிஎம்எஸ் துண்டிக்கும் வரை ஓட்டினேன். வாங்கிய வாரத்திலும் இதே சோதனையைச் செய்து எழுதி வைத்திருந்தேன். அன்று 5 மணி 6 நிமிடம் ஓடியது, அதாவது 102 ஏஎச். இப்போது 3 மணி 39 நிமிடம், 73 ஏஎச். மறுநாள் திரும்பவும் செய்தேன், ஒரு ஏஎச் கூட வித்தியாசம் இல்லை. ஆப்பில் இருக்கும் கணக்குப்படி இந்தப் பேட்டரி மொத்தம் 94 சுற்றுதான் (ஒரு முறை முழுதாக ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) ஓடியிருக்கிறது. 4000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் இருக்கும் என்பது நீங்கள் பெட்டியில் கொடுத்த வாக்கு. குளிரில் கொள்ளளவு தற்காலிகமாகக் குறைவது இயல்பு என்று உங்கள் இரண்டாவது பதிலில் எழுதியிருந்தீர்கள். இது குளிரில் அளந்தது அல்ல.

லெட்-ஆசிட் அமைப்பிலேயே சார்ஜரை விட்டிருப்பேனோ என்றும் கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் லெட்-ஆசிட் அமைப்பில் குளிருக்கு ஏற்ப வோல்டேஜை ஏற்றும் வசதி இருக்கும். மைனஸில் அது 15 வோல்ட்டைத் தாண்டிவிடும், லித்தியத்துக்கு ஆகாது. வண்டி இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் என் டிசி-டிசி சார்ஜரும் சோலார் கன்ட்ரோலரும் முதல் நாளிலிருந்தே லித்தியம் அமைப்பில், 14.4 வோல்ட்டில், வெப்பநிலைத் திருத்தம் அணைக்கப்பட்டு இருக்கின்றன. இரண்டின் திரையையும் எடுத்த படங்கள் இணைப்பில் உண்டு.

அப்படியானால் பேட்டரியைக் கெடுத்தது எது? அதைக் கண்டுபிடிக்கத்தான் அடுத்த பயணத்தில் ஐந்து காலை செலவழித்தேன். பேட்டரியின் பக்கவாட்டில், செல்கள் இருக்கும் உயரத்தில், கம்பி வைத்த தெர்மாமீட்டர் முனையை ஒட்டினேன். காற்றின் குளிரை அளந்துவிடக் கூடாது என்று அதன்மேல் தடித்த ஃபோம் துண்டு வைத்து டேப் சுற்றினேன். இரவு முழுவதும் அப்படியே விட்டால் காலையில் அது காட்டுவது பேட்டரியின் சூடுதான்.

முதல் நாள் காலை 7.40. தெர்மாமீட்டரில் மைனஸ் 4. உங்கள் ஆப்பில் மைனஸ் 2. வண்டியை ஸ்டார்ட் செய்தேன். டிசி-டிசி சார்ஜர் முயன்றது, பேட்டரி சார்ஜை ஏற்கவில்லை. சரியாகத்தான் வேலை செய்தது. உடனே வண்டியை நிறுத்திவிட்டேன். பாதுகாப்பு இருக்கிறதே, நான்தான் தவறாக நினைத்துவிட்டேனோ என்று அப்போது தோன்றியது.

இரண்டாம் நாளும் அதே நேரம், அதே மைனஸ் 4. ஆனால் அன்று, எப்போதும் செய்வதுபோல, முதலில் இன்வெர்ட்டரைப் போட்டுக் கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் சுட வைத்தோம். ஆறு நிமிடம், கிட்டத்தட்ட 80 ஆம்பியர். கெட்டில் நின்றபோது ஆப் ப்ளஸ் 6 டிகிரி காட்டியது. தெர்மாமீட்டர் அசையவே இல்லை, மைனஸ் 4. வண்டியை ஸ்டார்ட் செய்தேன். 30 ஆம்பியர் தடையில்லாமல் பேட்டரிக்குள் போனது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தேன். மற்ற மூன்று நாளும் இதேதான். கெட்டில் போடாத காலையில் சார்ஜ் நின்றது, கெட்டில் போட்ட காலையில் ஏறியது.

80 ஆம்பியர் எடுக்கும்போது செல்களும் உள்ளே கொஞ்சம் சூடாகும் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் 11 கிலோ எடையுள்ள பேட்டரி ஆறு நிமிடத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏறாது. அப்போதும் அது உறைநிலைக்குக் கீழேதான் இருக்கும். எட்டு டிகிரி ஏறியது செல் அல்ல, வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோ என்ன என்பது பேட்டரியைத் திறந்ததும் தெரிந்தது. வாரண்டி இல்லை என்று நீங்கள் எழுத்தில் சொன்ன பிறகுதான் திறந்தேன். அதுவும் நானாகத் திறக்கவில்லை, பேட்டரி பழுதுபார்க்கும் தொழில்நுட்பர் ஒருவர்தான் என் கண்முன்னே மேல்மூடியை எடுத்தார். நான்கு செல்கள், அவற்றின் மேல் பிஎம்எஸ் போர்டு. போர்டிலிருந்து மெல்லிய இரட்டை ஒயர் ஒன்று வெளியே வந்து, அதன் நுனியில் மிளகு அளவில் ஒரு கறுப்பு மணி. அதுதான் டெம்பரேச்சர் சென்சார். அந்த ஒயர் செல் வரை தாராளமாக எட்டும் நீளம். ஆனால் மணி எந்தச் செல்லையும் தொடவில்லை. ஒயரை மடித்து, போர்டுக்கு அடியில், மாஸ்ஃபெட்கள் (மின்சாரத்தை விடவும் தடுக்கவும் செய்யும் மின்னணு சுவிட்சுகள்) ஒட்டியிருக்கும் அலுமினியத் தகட்டின் ஓரத்தில் செருகி வைத்திருக்கிறார்கள். அத்தனை ஆம்பியரும் அந்த மாஸ்ஃபெட்கள் வழியாகத்தான் போகிறது. கெட்டில் ஓடினால் முதலில் சூடாவது அந்தத் தகடுதான். சார்ஜ் ஏறத் தொடங்கினால் அந்தச் சார்ஜே தகட்டைத் தொடர்ந்து சூடாக வைத்திருக்கும். அதனால் ஒரு தடவை தொடங்கிவிட்டால் பாதுகாப்பு குறுக்கே வரவே வராது. செல் உறைநிலைக்குக் கீழேயே இருக்கும், போர்டு "எல்லாம் சூடாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆறாம் எண் படத்தை மட்டுமாவது பெரிதாக்கிப் பாருங்கள். செல்லின் நீல உறையில் சென்சாரை ஒட்டுவதற்கென்றே ஒரு மஞ்சள் டேப் துண்டு ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. பேட்டரியை வடிவமைத்தவருக்கு சென்சார் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. பொருத்தும் இடத்தில்தான் தவறு நடந்திருக்கிறது. இது என் ஒரு பேட்டரியில் மட்டும் நடந்ததா, அந்த வரிசையில் வந்த எல்லாவற்றிலுமா என்பது உங்களால் மட்டுமே சொல்ல முடியும். இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமானது அதுதான்.

ஏனென்றால் காலையில் எழுந்ததும் தண்ணீர் சுட வைத்துவிட்டு வண்டியை எடுப்பது கேம்பர்வேனில் தங்கும் எல்லோரும் செய்கிற வேலை. யாரும் அதைத் தவறான பயன்பாடு என்று சொல்ல மாட்டார்கள். அந்தச் சாதாரணக் காலை வேலையே பேட்டரியின் பாதுகாப்பை ஏமாற்றிவிடுகிறது. ஆப்பில் ப்ளஸ் 6 என்று பார்க்கிறவர் தன் பேட்டரி கெட்டுக்கொண்டிருக்கிறது என்று எப்படி அறிவார்? நான் ஒவ்வொரு காலையிலும் ஆப்பைப் பார்த்துவிட்டுத்தான் சார்ஜ் செய்தேன். பயனர் செய்யக்கூடியது அதற்கு மேல் என்ன இருக்கிறது? பயனரின் தவறு என்று நீங்கள் எழுதிய வரியை முதலில் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்ததாக, இந்தப் பேட்டரிக்குப் பதில் புதியது வேண்டும். அதில் சென்சார் செல்லின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு, மூடி போடும் முன் எடுத்த படம் வேண்டும். வெப்பத் தகடு வைத்த மாடல் உங்களிடம் இருந்தால், அதாவது சார்ஜ் மின்சாரத்தையே முதலில் தகட்டுக்கு அனுப்பி, செல் 5 டிகிரி வந்த பிறகு சார்ஜை உள்ளே விடும் வகை, அதற்கான கூடுதல் விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளவும் நான் தயார். இரண்டும் முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

பெட்டியிலும் விளம்பரத்திலும் சார்ஜுக்கான வெப்பநிலையை, மின்சாரம் எடுப்பதற்கான வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். அப்புறம், இந்த மாடலை வாங்கிய எல்லோருக்கும் அடுத்த குளிருக்குள் தகவல் அனுப்புங்கள். ஆப்பில் காட்டும் வெப்பநிலையை நம்ப வேண்டாம், குளிர்ந்த காலையில் அதிகச் சுமை ஓட்டிய உடனே சார்ஜ் செய்ய வேண்டாம், பேட்டரியின் பக்கவாட்டில் தொட்டு அளந்து 5 டிகிரிக்கு மேல் வந்த பிறகு சார்ஜ் செய்யுங்கள் என்று சொன்னாலே போதும். வேனுக்குள் ஹீட்டர் போட்டதும் பேட்டரி சூடாகிவிடாது, அதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த நான்கு வரி எனக்கு முன்பே வந்திருந்தால் என் பேட்டரி பிழைத்திருக்கும்.

இப்போதைக்கு டிசி-டிசி சார்ஜருக்குப் போகும் ஒயரில் கையால் போடும் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் அதைப் போடுகிறேன். சோலாருக்கும் அப்படியே. திறந்த பேட்டரி, சென்சார் இருந்த இடத்தைத் தொடாமல், அப்படியே பத்திரமாக இருக்கிறது. உங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து யார் வந்து பார்க்க விரும்பினாலும் காட்டுகிறேன். அனுப்பச் சொன்னால் நீங்கள் சொல்லும் முறையில் கட்டி அனுப்புகிறேன், போக்குவரத்துச் செலவு உங்களுடையது.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். வராவிட்டால் இதே ஆவணங்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் செல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீதின் நகல், விற்பனைப் பிரிவின் மின்னஞ்சல், இரண்டு கொள்ளளவுச் சோதனைகளின் குறிப்பு, ஐந்து நாள் வெப்பநிலைக் குறிப்பு, சார்ஜர் அமைப்புகளைக் காட்டும் திரையின் படங்கள், பேட்டரியின் உட்புறப் படங்கள் எட்டு