வராத புயலுக்கு வந்து உதவியவர்களுக்கு

மலேசியாவில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் பக்கம், சுங்கை பினாங்கு ஆற்றை ஒட்டிய தாழ்வான வரிசை வீடுகளில் ஒன்றிலிருந்து இதை எழுதுகிறேன். வெள்ளம் வந்திருந்தால் யார் யார் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள் என்று ஊருக்கே தெரிந்திருக்கும், போட்டோ எடுத்திருப்பார்கள், மாலை போட்டிருப்பார்கள். ஆனால் வரவில்லை. சென்யார் புயல் 2025 நவம்பர் 27 இரவு தாண்டி சிலாங்கூர் கரையில் ஏறிவிட்டது, எங்கள் வாசலில் கால் நனையும் அளவுக்குக்கூட தண்ணீர் நிற்கவில்லை. அதனால் வேலை வெட்டியை விட்டுவிட்டு எங்களுக்காக மாடு மாதிரி உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, கிண்டல்தான் நடக்கிறது. சரி, நானாவது சொல்லிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதலில் எங்கள் சார். புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் வரிசையின் கடைசி வீடு. அந்த வாரம் முழுக்க எல்லோரும் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், வருமா வராதா?" மனிதர் ஒருமுறைகூட வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. வானிலைத் துறையான மெட் மலேசியாவின் அறிவிப்பு ஒவ்வொன்று வரும்போதும், போன அறிவிப்புக்கும் இதற்கும் என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் நாலு வரியில் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். "தெற்கே இறங்கவும் வாய்ப்பு உண்டு, நம் பக்கம் மழை கொட்டவும் வாய்ப்பு உண்டு, அடுத்த அறிவிப்பு வந்ததும் எழுதுகிறேன்." அவ்வளவுதான். இதற்கே சிலருக்கு எரிச்சல். படித்த மனுஷன் ஒரு பதில் சொல்லக் கூடாதா என்று குழுவிலேயே கேட்டார்கள். அதே நேரத்தில் எவனோ ஒருவனுடைய குரல் பதிவு, இன்றிரவு பினாங்கே மூழ்கப் போகிறது என்று அடித்துச் சொல்வது, ஐந்து நிமிடத்தில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. தெற்குத் தாய்லாந்தின் ஹாட்யாய் வெள்ளத்தில் மலேசியர்கள் ஹோட்டல் மாடியில் மாட்டிக்கொண்ட வீடியோக்களை எல்லோரும் பார்த்திருந்த நேரம் வேறு. மத்தியானத்துக்குள் கடையில் ரொட்டி இல்லை, மெகி இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. அடுத்த வாசலில் இன்னொரு கோஷ்டி, மலேசியாவுக்காவது புயலாவது என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்தக் கோஷ்டிக்கும் சார் பொறுமையாகத்தான் விளக்கினார். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் ரொம்பக் குறைவு, அதனால் புயல் சுருட்டிக்கொண்டு எழுவது அபூர்வம். ஆனால் அபூர்வம்தான். 2001 டிசம்பர் 27-ல் வாமெய் புயல் சிங்கப்பூருக்குப் பக்கத்தில், வெறும் 1.4 டிகிரி வடக்கில் எழுந்து ஜொகூரில் கரை ஏறியது. நாம் இருப்பது 5 டிகிரிக்கும் மேலே. இப்போது சென்யார் மலாக்கா நீரிணைக்குள்ளேயே உருவாகி, சுமத்ராவைத் தொட்டுவிட்டு நம் பக்கம் கிழக்கே திரும்பியிருந்தது. இந்த மாதிரி முன்னால் நடந்து பழக்கமே இல்லை, ஒடுங்கிய கடல், இரண்டு பக்கமும் நிலம், இதில் போய் எவரிடம் உறுதியாகக் கேட்பது என்றார்.

அவர் செய்ததில் எனக்கு ரொம்பப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. 2017 நவம்பர் 4, 5 யாருக்கும் மறந்திருக்காது. வியட்நாமில் டாம்ரே சூறாவளி கரை ஏறிய அதே நாள், இங்கே விடிய விடிய மழை, ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல், பினாங்கில் ஏழு உயிர் போனது. அன்றைக்கு ஐப்பசிப் பௌர்ணமி, கடல் ஏறியிருந்ததால் ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லை. அந்தத் தண்ணீர் நின்ற கறை இன்னும் பல வீட்டுச் சுவரில் இருக்கிறது. சார் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அந்தக் கறையை அளந்தார். இடுப்புக்கு மேல் நின்ற வீடுகள், முழங்கால் வரை நின்றவை, வாசலோடு போனவை என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் மூன்றாகப் பிரித்தார். முதல் பிரிவில் இருப்பவர்கள் மட்டும், அதிலும் வயதானவர்கள், நோயாளிகள், கைக்குழந்தைகள் மட்டும் இருட்டுவதற்கு முன்னால் கிளம்பினால் போதும், மற்றவர்கள் சாமானை உயர்த்தி வைத்துவிட்டு வீட்டிலேயே இருங்கள் என்றார். போன வாரம்தான் அமாவாசை முடிந்தது, இப்போது வளர்பிறை சப்தமி, கடலேற்றம் 2017 அளவுக்கு இருக்காது, மழை பெய்தாலும் ஆறு வடியக் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். இது ஒன்றுதான் அன்றைக்குக் கேட்ட நல்ல செய்தி.

எங்கள் வீடு முதல் பிரிவு. அம்மா சக்கர நாற்காலி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

அமெரிக்காவில் டாம்பாவில் இருக்கும் என் தம்பிக்கு அடுத்த நன்றி. அங்கே விடிவதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தான். நான் அவனிடம் புயல் போகும் பாதையின் வரைபடத்தைக் காட்டி, கோடு தெற்கே போகிறதே, நமக்கு ஒன்றும் இல்லைதானே என்று கேட்டேன். "அக்கா, அந்தக் கோட்டை மட்டும் பார்க்காதே" என்றான். 2022-ல் இயன் சூறாவளி அவன் ஊரை நோக்கித்தான் வரப் போகிறது என்று பல அறிவிப்புகளில் இருந்திருக்கிறது. ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டு ஒர்லாண்டோ பக்கம் போயிருந்தான். கடைசியில் செப்டம்பர் 28 அன்று அது கரை ஏறியது தெற்கே ஃபோர்ட் மையர்ஸ் பக்கம். அந்த ஊர்க்காரர்கள் பலர் இது டாம்பாவுக்குத்தானே என்று இருந்துவிட்டார்கள், அந்த மாவட்டத்தில் வெளியேறும் உத்தரவே முந்தின நாள்தான் வந்தது. 150 பேருக்கும் மேல் செத்தார்கள். இத்தனைக்கும் அந்த ஊர் முன்னறிவிப்புக் கூம்பின், அதாவது புயலின் மையம் எங்கெல்லாம் போகலாம் என்று அந்தக் கோட்டைச் சுற்றிப் போடும் பட்டையின், ஓரத்துக்குள்தான் இருந்தது. அந்தக் கூம்பை எப்படி வரைகிறார்கள் என்றும் அவன்தான் விளக்கினான்: கடந்த ஐந்து வருடத்தில் கணிப்பு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பார்த்து, மூன்றில் இரண்டு முறை புயலின் மையம் உள்ளே அடங்கும்படி போடுகிறார்கள். அப்படியானால் மூன்றில் ஒரு முறை வெளியே போகலாம். அதுவும் மையம் மட்டும்தான், மழை எவ்வளவு அகலத்துக்குப் பெய்யும் என்பது அந்தப் படத்திலேயே இல்லை. தன் ஊர் கூம்புக்கு வெளியே என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் அங்கேயும் நிறைய.

ஆனால் அவனே எல்லோரையும் கிளப்பாதே என்றும் சொன்னான். 2005-ல் ரீட்டா சூறாவளி வந்தபோது, கத்ரீனா சூறாவளி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்தப் பயத்தில் ஹியூஸ்டன் பக்கத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் காரை எடுத்துவிட்டார்கள். ரோடு நின்றுபோய், வெயிலில் வெந்து, முதியோர் இல்லத்துப் பேருந்து ஒன்று தீப்பிடித்து அதில் மட்டும் 23 பேர். டெக்ஸாஸில் செத்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஓட்டத்தில் போனவர்கள்தான், புயலில் இல்லை. தண்ணீருக்கு ஓடு, காற்றுக்குப் பதுங்கு என்று ஃப்ளோரிடாவில் சொல்வார்களாம். சாரின் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இங்கே மாவட்ட ஆபீஸ் போடுகிற பிரிவு மாதிரியே இருக்கிறது, யார் அந்த சார் என்று கேட்டான்.

டயாலிசிஸ் சென்டர் மிஸ்ஸிக்கு, அந்த நர்ஸுக்கு, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவின் முறை வியாழக்கிழமை. நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே அவரே போன் செய்து, புதன் இரவே கூட்டி வாருங்கள், நான் கூடுதலாக இருந்து போட்டுவிடுகிறேன் என்றார். புயல் வராவிட்டால் எதற்கு இந்தச் சிரமம் என்று என் கணவர் தயங்கினார். 2012-ல் நியூயார்க் பக்கம் சாண்டி சூறாவளி வந்தபோது முன்கூட்டியே டயாலிசிஸ் முடித்துக்கொண்டவர்கள் அப்புறம் எமர்ஜென்சிக்கு ஓடியது குறைவு, வராவிட்டால் ஒரு நாள் முன்னால் செய்ததாகப் போகட்டும், வந்து ரோடு அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பதில் இல்லை. கிளம்பும்போது அம்மா கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். வாழைப்பழம் வேண்டாம், இளநீர் வேண்டவே வேண்டாம், தண்ணீர் இந்தக் கப்பில் இத்தனைதான், கேம்பில் மெகி கொடுத்தால் தூளைப் போடாமல் சாப்பிடுங்கள். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு. அம்மாவுக்கு மெகி பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

ஹார்ட்வேர் கடை அங்கிள் மணலைக் கடனுக்குக் கொடுத்தார், உர மூட்டைச் சாக்கையும் கொடுத்தார். மூட்டையை வாசலில் அடுக்கத்தான் எல்லோரும் ஓடினோம். அவர்தான் நிறுத்தி, முதலில் டாய்லெட்டைப் பார் என்றார். 2017-ல் அவர் கடைக்குள் வாசல் வழியாகத் தண்ணீர் வருவதற்கு முன்பே டாய்லெட் குழியிலும் பின்கட்டு ஓட்டையிலும் கொப்பளித்துக்கொண்டு வந்துவிட்டதாம். சின்னப் பிளாஸ்டிக் பையில் மணலைப் போட்டு, பழைய துணியில் சுற்றி, ஓட்டையில் திணித்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைக்கச் சொன்னார். எங்கள் அம்மிக்கு ரொம்ப வருடம் கழித்து ஒரு வேலை கிடைத்தது. ஃப்ரீசரை உயர்த்த மரக்கட்டைகளை ஒரே அளவில் அறுத்தும் கொடுத்தார். நான் வீட்டிலிருந்து கேட்டரிங் செய்கிறவள், அந்த ஃப்ரீசர் போனால் என் பிழைப்பு போச்சு.

அந்த ஃப்ரீசரைத் தூக்கியவர்கள் பக்கத்துச் சுராவ், அதாவது சின்னத் தொழுகைக் கூடத்துப் பையன்கள் மூன்று பேரும், மீன் லோரி ஓட்டும் அண்ணனும். அண்ணன் மலாக்கா நீரிணையில் புயல் வராது என்ற கோஷ்டிக்குத் தலைவர் மாதிரி. "சென்யார் இல்லை தங்கச்சி, சென்யாப், சத்தமே காணோம் பார்" என்று, மலாயில் அமைதி என்று அர்த்தம் வரும் சொல்லை வைத்து, சாயங்காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சொல்லிக்கொண்டேதான் எங்கள் ஃப்ரீசரையும், எதிர் வீட்டுத் தையல் மெஷினையும், மூலை வீட்டுப் பாட்டியின் இரும்புப் பீரோவையும் தூக்கி வைத்தார். லோரியில் மீன் வாடை போக டெட்டால் போட்டுக் கழுவி, மெத்தை விரித்து, அம்மாவை நாற்காலியோடு ஏற்றிக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டார். நம்பாமல் உதவி செய்தவருக்கு நம்பி உதவி செய்தவர்களைவிட ஒரு படி அதிகமாகவே நன்றி சொல்லலாம் என்று நினைக்கிறேன், அவர் இதைப் படித்துவிட்டு இன்னும் இரண்டு நாள் கிண்டல் செய்வார், செய்யட்டும்.

கோயில் நிர்வாகத்தினர் மண்டப மாடியைத் திறந்துவிட்டு, ஜென்செட்டுக்கு எண்ணெய் ஊற்றி வைத்து, இரவுக்கு ரசமும் சோறும் போட்டார்கள். அம்மாவுக்கு உப்பில்லாமல் தனியாக. மாடியேற்ற நாலு பேர் தேவைப்பட்டது, சுராவ் பையன்களே கோயில் படியேறி வந்து தூக்கினார்கள். எல்லோருக்கும் நன்றி.

இப்போது சாரைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீணாக ஊரைக் கலக்கிவிட்டார், ஒரு நாள் சம்பளம் போச்சு என்று பேசுவதைக் கேட்டேன். அதே சென்யார் மழைதான் சுமத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு நீரிணை. அதே வாரம் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது, நம்மில் எத்தனை பேருக்கு அங்கே சொந்தம் இருக்கிறது. அப்புறம் அது வலுவிழந்துவிட்டது, முடிந்தது என்று சென்னையில் எங்கள் சித்தி வீட்டில் குடையை எடுத்து உள்ளே வைத்த பிறகுதான் கரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கொட்டித் தீர்த்தது. வருமா வராதா என்று அவர்களுக்கும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சார் வரும் என்று சொல்லி நம்மைக் கிளப்பவில்லை. வந்தால் யார் வீட்டில் எவ்வளவு நிற்கும் என்று அளந்து சொன்னார், மூன்றாம் பிரிவு வீட்டுக்காரர்களைக் கிளம்ப வேண்டாம் என்றும் சொன்னார். சம்பளம் போனதாகச் சொல்கிறவர் மூன்றாம் பிரிவு, வீட்டில் இருங்கள் என்று சொல்லியும் கேட்காமல் அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குக் காரை ஓட்டியவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் சில விஷயங்கள். வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை இருக்கிறது, அதனால் மரக்கட்டைகளை இப்போதைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று அங்கிள் சொல்லிவிட்டார், ஃப்ரீசர் அதன் மேலேயே நிற்கட்டும். சாரின் நோட்டை நகல் எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறேன், கிடைக்காதவர்கள் கேளுங்கள். கோயில் மண்டபத்தில் நீலத் தார்பாய் ஒன்றும், குழந்தையின் ஒற்றைச் செருப்பும், மூடியில்லாத பெரிய டப்பர்வேரும் கிடக்கின்றன. மணல் மூட்டைகளைத் தயவுசெய்து கிழித்துச் சாக்கடையில் கொட்டாதீர்கள், அடைத்துக்கொண்டால் அடுத்த மழைக்கு நாம்தான் மிதப்போம். மூட்டையைக் கட்டியபடியே வாசல் ஓரமாக வையுங்கள். அவற்றை ஏற்றிக்கொள்ள சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணனின் லோரி வரும்.