வெள்ளிக்கிழமைப் புதிர் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு, பேச்சு, ஓவியப் போட்டிகளில் பிள்ளைகள் பரிசுகள் வாங்கினார்கள். கண்காட்சிக்கு வந்தவர்களுக்கு நன்றி. மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட்டு அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, வெள்ளிக்கிழமைப் புதிர். ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் போன வாரம் எழுதிப் போட்டது இது: 8809 = 6, 7111 = 0, 6666 = 4, 9313 = 1. அப்படியானால் 2581 = ?

திங்களன்று சொன்னால் போதும் என்றிருந்தோம். வெள்ளி இரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் விடை வந்துவிட்டது. திங்களன்று 31 நோட்டுகளில் ஒரே வாக்கியம்: "வட்டங்களை என்ன வேண்டும்." 'எண்ண' என்பதில் விழுந்த பிழைகூட மாறவில்லை. இன்னொரு நோட்டில் எக்ஸ், ஒய் வைத்து ஒரு பக்கம் சமன்பாடு. அந்தக் கையெழுத்துக்குப் பத்து வயது இருக்காது, நாற்பது இருக்கும்.

இது கணக்கே இல்லை என்று தொலைபேசியில் வருத்தப்பட்டவர்களும் உண்டு. நியாயம்தான், அங்கே இருப்பது கணக்கில் வரும் சமக்குறி அல்ல; அந்த எண்ணின் வடிவத்தில் எத்தனை வட்டம் என்பதைத்தான் அது சொல்கிறது. 8-இல் இரண்டு வட்டம், 0, 6, 9-இல் ஒவ்வொன்று. ஆக 2581-க்கு விடை 2. எண்ணைக் கண்டதும் கூட்டிப் பெருக்கப் பழகிய நமக்கு அதன் வடிவம் கண்ணில் படுவதில்லை. சிந்தனை முறைகளைப் பற்றி எழுதிய எட்வர்ட் டி போனோ 1967-இல் பெயர் சூட்டிய பக்கவாட்டுச் சிந்தனை (லேட்டரல் திங்கிங்), அதாவது பழகிய வழியை விட்டு வேறு கோணத்தில் பார்ப்பது, இந்த வகைதான்.

வீட்டில் யாரும் விடை சொல்லித்தராத ஒரு மாணவி என் அறைக்கு வந்து, மேசை மேல் 8-ஐ விரலால் சுற்றிக் காட்டினாள். பிறகு கேட்டாள்: "4 வந்தா என்ன சார் பண்றது? சிலர் மேலே மூடிப் போடறாங்க, சிலர் திறந்து விடறாங்களே?" புதிரில் 4 ஏன் இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஆகவே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். புதிருக்கு மதிப்பெண் கிடையாது. பெரியவர்கள் போட்ட விடையை இனி திருத்த மாட்டோம். குழுவில் விடை போட்டால் உங்கள் பிள்ளைக்கு மட்டுமல்ல, மற்ற பிள்ளைகளுக்கும் யோசிக்க இருந்த இரண்டு நாள் போய்விடுகிறது. தயவுசெய்து போடாதீர்கள்.

பிள்ளை முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மனசு கேட்காது என்பது தெரியும். என் மகனுக்கு நானும் சொல்லிக்கொடுத்தவன்தான். பக்கத்தில் உட்காருங்கள்; "வேறெப்படிப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இந்த வாரப் புதிர் பழையது: 17 ஒட்டகங்கள், மூன்று மகன்கள். மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, கடைசிப் பிள்ளைக்கு ஒன்பதில் ஒரு பங்கு. எந்த ஒட்டகத்தையும் வெட்டக்கூடாது. விடை தெரிந்தவர்கள் திங்கள்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருவம் முழுவதும் எங்களோடு நின்றதற்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்