சட்டையைக் கழற்று, செந்தில்

அன்புள்ள செந்தில்,

மணி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. மகள்! வாழ்த்துகள்டா. செல்வி நன்றாக இருக்கிறாள், தையல் வலிதான் படுத்துகிறது என்றும் அவன்தான் சொன்னான். என்னை ஏன் கூப்பிடவில்லை என்ற சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

மணி போகிறபோக்கில் சொன்ன ஒன்றுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. 34 வாரத்தில் பிறந்தவள், எடை 1 கிலோ 850 கிராம், ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள், மூச்சு சீராக இருக்கிறது. "அப்பா வந்து நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம்" என்று சிஸ்டர் கூப்பிட்டும் நீ கண்ணாடிக்கு வெளியிலேயே நிற்கிறாயாம். செல்வி எழுந்து வரட்டும் என்கிறாயாம். உன் அம்மா வேறு தீட்டு கழியட்டும் என்கிறார்களாம். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ உள்ளே போ.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று கேட்பாய். குழந்தையை இப்படித் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்துக்கொள்வதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். அது 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. இன்குபேட்டர் போதாமல் திணறிய ஒரு மருத்துவமனையில், எடை குறைந்த பிள்ளைகளை அவர்களுடைய அம்மாக்களின் நெஞ்சிலேயே கட்டிவைக்கலாம் என்று எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் துணிந்தார். வசதி இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு என்றுதான் பலரும் பல காலம் நினைத்தார்கள். பிறகு இந்தியா உள்பட ஐந்து நாடுகளில், உன் மகளைவிடச் சற்றுச் சிறிய குழந்தைகளிடம் உலக சுகாதார நிறுவனம் பெரிய ஆய்வு நடத்தியது. முடிவு 2021-ல் வந்தது. உடம்பு தேறட்டும் என்று காத்திருந்த பிரிவில் 28 நாளுக்குள் 100-க்கு 15.7 குழந்தைகள் இறந்தன. பிறந்த கையோடு தொடங்கிய பிரிவில் அது 12. இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2022-லிருந்து அந்த நிறுவனம் சொல்வது, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். வயிற்றில் தையலோடு செல்வி அத்தனை நேரம் எப்படி உட்காருவாள்? அவளால் முடியாத நேரமெல்லாம் உன்னுடையதுதான்.

இனி செய்முறை. குளித்துவிட்டுப் போ. நகம் வெட்டு. மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி, கைக்கயிறு எல்லாம் கழற்று. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவு. சென்ட், பவுடர் வேண்டாம். மார்பு முடியை மழிக்காதே, சிராய்ப்புதான் மிஞ்சும். சளி, காய்ச்சல் இருந்தால் அன்று போகாதே. சிகரெட்டை இன்றோடு விடு, அந்த வாடை தோலிலும் துணியிலும் தங்கும். முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள காட்டன் சட்டை, உள்ளே பனியன் கூடாது.

சாய்வு நாற்காலியில் பாதி சாய்ந்து உட்கார். நேராக நிமிர்ந்தால் அவள் சரிவாள், மல்லாந்தால் அவளுக்கு மூச்சு கனக்கும். குழந்தைக்குத் தொப்பி, டயபர், சாக்ஸ் போதும். சிஸ்டர் அவளை உன் நெஞ்சுக்கு நடுவில் நெட்டுக்குத்தாக வைப்பார். கால்கள் தவளைபோல் மடிந்து விரிந்திருக்கும், கைகள் மடங்கி உன் மார்பில் பதியும், தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கும். இதில் உயிரான விஷயம் கழுத்து. தாடை மார்பில் இடித்தால் மூச்சுப்பாதை மடங்கும், தலை பின்னால் தொங்கினாலும் அதே கதிதான். முகவாய் லேசாக மேலே தூக்கியிருக்க வேண்டும். மூக்கும் வாயும் எப்போதும் உன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மென்மையான துணியை அவள் காது மட்டத்துக்குக் கீழே வரும்படி சுற்றிக் கட்டி, மேலே சட்டையை மூடு. வயிற்றின் மேல் இறுக்கக் கூடாது, குழந்தை வயிற்றால்தான் மூச்சு விடும்.

உட்கார்ந்தால் குறைந்தது ஒரு மணி நேரம். தூக்கி இறக்குவதே அவளுக்குக் களைப்பு, அதனால் பத்து நிமிடத்தில் எடுத்து வைப்பது கெடுதல். முன்னாடியே பாத்ரூம் போய்விடு, தண்ணீர் குடித்துவிடு. போனை மணியிடம் கொடு. முதுகைத் தட்டாதே, தேய்க்காதே. உள்ளங்கையை அப்படியே வைத்திரு, போதும்.

அவ்வப்போது புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடு, பாதம் ஜில் என்றால் குளிர் தாக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டுமே ஜில் என்றால் உடனே சிஸ்டரைக் கூப்பிடு. அக்குளில் தெர்மாமீட்டர் 36.5-க்கும் 37.5-க்கும் நடுவில் காட்ட வேண்டும். உதடு நீலம் பாய்வது, மூச்சு நிற்பது, முனகல், மூச்சிழுக்கும்போது விலா குழிவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடப் பொறுக்காதே.

தூக்கம் வந்தால் குழந்தையைக் கொடுத்துவிடு. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டுக்குப் போன பிறகும் இப்படித்தான். சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு அப்பா அசந்து தூங்குவது மிக ஆபத்தானது. இடுக்கில் நழுவினால் சத்தமே வராது. உன் தூக்கம் ஹாஸ்டல் முழுக்கப் பிரசித்தம் என்பதால் இதற்குமேல் விளக்கவில்லை.

இன்னொன்று. நெஞ்சில் வைத்ததும் பாசம் பொங்கும் என்று எதிர்பார்த்து, அப்படி ஒன்றும் வரவில்லையே என்று கலங்காதே. பல அப்பாக்களுக்கு முதலில் வருவது பயம்தான். அது உட்கார உட்காரத்தான் மாறும். உடம்பும் மாறும் என்பதற்கு ஆதாரம் உண்டு. பிலிப்பைன்ஸின் சீபுவில் இளைஞர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து 2011-ல் எழுதினார்கள். அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் நன்றாகக் குறைந்திருந்தது, பிள்ளையைத் தினம் மூன்று மணி நேரத்துக்குமேல் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. சிசேரியனில் பிறந்து அப்பாவின் நெஞ்சில் கிடந்த குழந்தைகள், தொட்டிலில் விட்ட குழந்தைகளைவிடச் சீக்கிரம் அழுகை அடங்கியதையும் 2007-ல் சுவீடனில் கண்டார்கள்.

செல்வியிடம் ஒன்று சொல். நீ குழந்தையை வைத்திருக்கும் நேரத்தில் அவள் பாலைப் பீய்ச்சட்டும், இரவையும் சேர்த்து நாளுக்கு எட்டு முறை. இரவில் ஒரு முறையாவது விடாமல் எடுக்க வேண்டும். சொட்டுதான் வருகிறது என்று நிறுத்தினால் சுரப்பே சுருங்கிவிடும். அந்தப் பாலைக் குழாயிலோ பாலாடையிலோ கொடுக்கும்போது குழந்தை உன் நெஞ்சிலேயே இருக்கலாமா என்று சிஸ்டரிடம் கேள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

முதல் வாரம் எடை குறையும், பயப்படாதே. இப்படிப்பட்ட குழந்தைகள் பிறந்த எடைக்குத் திரும்ப இரண்டு வாரம்கூட ஆகும். காலையில் எடை போட்டதும் எனக்கு ஒரு மெசேஜ் தட்டு. அன்று எத்தனை மணி நேரம் வைத்திருந்தாய் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
பாஸ்கர்