பூஞ்சை பிடிக்கும் குரல்கள்

ஆசிரியருக்கு,

பிள்ளைகளுக்காகப் பெற்றோர் தம் குரலைப் பதிந்து வைப்பது பற்றிய ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். இதைச் செல்போன் கொண்டுவந்த புதுப் பழக்கம்போல எழுதியிருப்பது சரியல்ல. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் 1980களிலேயே கேசட்டில் பேசி, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். துபாயிலிருந்து அப்பா 1986இல் அனுப்பிய கேசட்டில் எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லித் தருகிறார். நடுநடுவே இருமல், பின்னால் ஏசி இரைச்சல். சென்ற மாதம் போட்டபோது, பூஞ்சை பிடித்த நாடா சிக்கிப் பன்னிரண்டோடு நின்றுவிட்டது.

கிளவுடில் சேமியுங்கள் என்கிறது கட்டுரை. சரி, முதலில் டேப்ரிக்கார்டருக்கு எங்கே போவது? ஓலைச்சுவடிகளை மின்னுருவாக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம், மாவட்ட மைய நூலகங்களில் கேசட்டுகளை மாற்றித் தரவும் ஏற்பாடு செய்யலாம். கட்டணம் வாங்கினாலும் பரவாயில்லை.

– வாசகர், கீழக்கரை