சாயத்தொட்டி வரை வரட்டும் சுற்றுச்சூழல் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு சாயச்சாலையில் தண்ணீர், கழிவுநீர்ப் பிரிவைக் கவனித்துவருகிறேன். படிப்பு முடித்த கையோடு வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் நேர்காணல் நடத்துவதும் என் பொறுப்பு. நீடித்த வளர்ச்சியை எல்லாப் பட்டப்படிப்புகளிலும் அடிப்படைத் திறனாகக் கற்பிக்க வேண்டும் என்று கல்வியாளர்கள் பேசிவருகிறார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் அது இன்னொரு தாளாக வந்து நின்றுவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

தாள் ஏற்கெனவே இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான் அதற்கு வித்து. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் படிப்புகள் அனைத்துக்கும் ஆறு மாதப் பொதுப் பாடத்திட்டம் வகுத்தது. 50 வகுப்புகள். அதில் 5 களப்பணிக்கு. மதிப்பெண் நூறில் 25ம் களப்பணிக்கே. அருகிலுள்ள ஆறு, குளம், மாசுபட்ட இடம் ஆகியவற்றை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி அதில் எழுதியே இருக்கிறது. வகுத்தவர்கள் நல்லபடியாகத்தான் வகுத்தார்கள். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளைக் கேட்டால், யாருக்குப் பாடவேளை குறைவோ அந்த ஆசிரியர் தலையில் தாளைக் கட்டிவிட்டார்கள் என்கிறார்கள். களப்பணி? இணையத்தில் எடுத்த படங்களை ஒட்டி ஒரு ரெக்கார்டு நோட்டு. நொய்யல் ஆற்றங்கரையிலேயே படித்த பிள்ளை நொய்யலில் இறங்கிப் பார்த்ததில்லை.

நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்பது ஒரே ஒரு கணக்கு. 500 கிலோ பருத்தி நிட் துணியை சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் போடுகிறோம். கிலோவுக்கு 6 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 50 கிராம் உப்பு. மொத்தம் எவ்வளவு உப்பு, அது எங்கே போகிறது? 3,000 லிட்டர், 150 கிலோ என்று பெருக்கிச் சொல்லிவிடுவார்கள். அடுத்த பாதியில்தான் திகைப்பு. சாயம் ஏறத்தான் உப்பு. அது துணியில் தங்காது. அலசும்போது 150 கிலோவும் சாக்கடைக்கு வந்துவிடும். சுத்திகரிக்காமல் வெறும் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்பு என்ற வெளியேற்ற வரம்புக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் 71,000 லிட்டருக்கு மேல் வேண்டும். ஒரே ஒரு லோடுக்கு! கழிவுநீரை வெளியே விடாத ‘பூஜ்ஜியக் கழிவு’ முறை என்றால் என்ன என்று கேட்டால் வரையறையைத் தடங்கலில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி வகுப்பில் உப்பு சாயத்தோடு முடிந்துவிடுகிறது. சுற்றுச்சூழல் வகுப்பில் உப்பே வருவதில்லை. இரண்டையும் இணைத்துக் கேட்க ஆளில்லை.

இந்தக் கணக்கைப் போடாததன் விலை எங்கள் ஊருக்குத் தெரியும். பாசனத்துக்கென்று நொய்யல் குறுக்கே 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் அணையாகிப் போனது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறும் தென்னையும் கெட்டு, அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரி 28ல் சாயச்சாலைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாயச்சாலைகள் நின்றன. வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிய தொழிலாளர் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். விவசாயிகள் கேட்டது நியாயம். வேலை இழந்தவர்கள் எந்தப் பாவமும் செய்யாதவர்கள்.

இன்று ஆர்.ஓ.வில் தண்ணீரை மீட்கிறோம். மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறோம். அதற்கு நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லரில் விறகு எரிய வேண்டும். கடைசியில் பிரிக்க முடியாத கலவை உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கிக் கிடக்கிறது. ஆற்றைக் காப்பாற்ற மரம் எரிகிறது என்பதையும் மாணவர் பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே உப்பையும் தண்ணீரையும் குறைத்தால் கடைசியில் எவ்வளவு விறகு மிஞ்சும் என்று யோசிக்கத் தெரிந்தவரைத்தான் நாங்கள் தேடுகிறோம். அதைத்தான் திறன் என்கிறேன்.

ஆகவே தனித்தாளோடு நிறுத்தாமல், ஒவ்வொரு துறையும் தன் பாடத்துக்குள்ளேயே இதைக் கொண்டுவர வேண்டும். தொடங்க வெகுதூரம் போக வேண்டாம். தங்கள் கல்லூரிக்கு போர்வெல்லில் எவ்வளவு வருகிறது, லாரியில் எவ்வளவு வாங்குகிறார்கள், விடுதி மெஸ்ஸில் எவ்வளவு போகிறது, கழிவுநீர் எங்கே முடிகிறது என்று மாணவர்களே மீட்டர் பார்த்து ஒரு பருவம் முழுக்கக் கணக்கெழுதட்டும். வேதியியல் மாணவர் அந்தத் தண்ணீரைச் சோதிக்கட்டும், பி.காம் மாணவர் லாரித் தண்ணீரின் செலவைப் போடட்டும். நாளை பின்னலாடை ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக உட்கார்ந்து, கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்று ஐரோப்பிய பையர் கேட்கும் படிவத்தை நிரப்பப்போவது பெரும்பாலும் அந்த பி.காம் பிள்ளைதான். தமிழ்த்துறைக்கும் இதில் இடமுண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறதே, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று படித்துவிட்டு, தங்கள் ஊர்க் குளத்தை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்து எழுதலாம்.

இந்தக் கணக்கேட்டுக்கே மதிப்பெண் கொடுங்கள். வரையறை எழுதச் சொல்லும் இரண்டு மதிப்பெண் வினாக்களைக் குறையுங்கள். ஆலைகளோடு இணைக்க தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தைப் பயன்படுத்தலாம்.

பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களை ஆலைக்கு அனுப்பும்போது ஐம்பது பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றி, ஒரு மணி நேரம் சுற்றிக்காட்டச் சொல்லாதீர்கள். நான்கைந்து பேராக அனுப்புங்கள். பருவத் தொடக்கத்திலேயே, ஒரு வாரமாவது ஷிப்ட்டில் கூட நிற்கும்படி அனுப்புங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை அவர்கள் கையில் கொடுத்துச் சொல்லித்தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சாயச்சாலை நீர்ப்பிரிவுப் பொறுப்பாளர்,
திருப்பூர்.