டாமி ஜானை ஓர் ஆட்டக்காரராக எடைபோடுங்கள்

கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ் அரங்கத்தின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். 2024 டிசம்பரில் உங்கள் குழு கூடியபோது பதினாறு பேரில் ஏழு பேர் முன்னாள் பந்து வீச்சாளர் டாமி ஜானுக்கு வாக்களித்தீர்கள். பன்னிரண்டு வாக்குகள் தேவை. அதற்கு முன்பு பேஸ்பால் எழுத்தாளர்களின் வாக்குச்சீட்டில் பதினைந்து ஆண்டுகள் அவர் பெயர் இருந்தும் அவருக்குக் கிடைத்த வாக்கு 31.7 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2027 டிசம்பரில் மீண்டும் கூடப்போகிறீர்கள். வாக்களிக்காத ஒன்பது இடங்களில் அன்று அமரப்போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் அவர் பெயராலேயே வழங்கும் முழங்கை அறுவைச் சிகிச்சைதான் நினைவுக்கு வருகிறது. பந்து வீசிய மனிதர் அதன் பின்னால் மறைந்துபோனார். 26 பருவங்கள், 288 வெற்றிகள், 231 தோல்விகள், சகாக்களின் பிழையால் போனவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக 3.34 ரன். 283 வெற்றிகளும் 3.45 சராசரியும் கொண்ட ஜிம் காட் 2022-இல் உங்கள் அரங்கத்துக்குள் வந்தார். 287 வெற்றிகள் பெற்ற பெர்ட் பிளைலெவன் 2011-இல் வந்தார். இருவரும் முழுத் தகுதி உள்ளவர்கள். அப்படியானால் டாமி ஜான் ஏன் வெளியே நிற்கிறார்?

நீண்ட காலம் ஆடியதால் சேர்ந்த கணக்குதான் அது என்பார்கள். ஆடிய காலத்தின் நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1974 ஜூலை 17 அன்று, டாட்ஜர்ஸ் அணிக்காக மான்ட்ரியலுக்கு எதிராக வீசிக்கொண்டிருந்தபோது அவருடைய இடது முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்தது. அந்தப் பருவத்தில் அதுவரை அவருக்கு 13 வெற்றி, 3 தோல்வி. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காயம் ஏற்பட்டால் பந்து வீச்சாளர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டாக்டர் ஃபிராங்க் ஜோப், வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் பொருத்திப் பார்க்கலாம் என்றார். பழையபடி வீச நூற்றில் ஒரு வாய்ப்பே உண்டு என்பதையும் மறைக்கவில்லை. டாமி ஜான் சம்மதித்தார். செப்டம்பரில் அறுவை நடந்தது. பிறகு முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிப்போயின; டிசம்பரில் இன்னொரு அறுவை. 1975 முழுவதும் ஆட்டமில்லை.

1976-இல் திரும்பி வந்தார். 1977 முதல் 1980 வரை நான்கே பருவங்களில் 80 வெற்றிகள். அவற்றுள் மூன்றில் இருபதும் அதற்கு மேலும். ஆண்டின் சிறந்த வீச்சாளருக்குத் தரப்படும் சை யங் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டு முறை இரண்டாமிடம். இது மெல்ல மெல்லச் சேர்ந்த கணக்கா? அறுவைக்கு முன்பு 124 வெற்றிகள், பின்பு 164. எனக்கு இந்த இரண்டாவது எண்ணே பெரிதாகப்படுகிறது. அவர் வேகத்தால் மிரட்டியவரும் அல்லர். கடைசி நொடியில் தாழ்ந்து இறங்கும் பந்தை வீசி, மட்டையாளரைத் தரையோடு அடிக்க வைத்து, பிடிக்கும் வேலையைச் சகாக்களிடம் விட்டவர். மட்டையாளரை அடிக்கவிடாமலே வெளியேற்றும் ஸ்ட்ரைக்அவுட்டுகளை எண்ணியே வீச்சாளரை அளக்கும் கண்களுக்கு இந்தக் கலை தெரிவதில்லை. 1989-இல், 46 வயதிலும், யாங்கீஸ் அணிக்காக அதே கையால் வீசிக்கொண்டிருந்தார்.

2013-இல் உங்கள் அரங்கம் டாக்டர் ஜோபைக் கௌரவித்தது. மிகச் சரியான செயல். டாமி ஜானும் அந்த விழாவுக்கு வந்திருந்தார். 2015-இல் ஜான் ஸ்மோல்ட்ஸை ஏற்றீர்கள். இந்த அறுவைக்குப் பின் ஆடிப் புகழ் அரங்கத்தில் இடம்பெற்ற முதல் வீச்சாளர் அவர். வழி சொன்ன மருத்துவருக்கு மரியாதை கிடைத்தது, அந்த வழியில் பின்னால் வந்தவருக்கு இடம் கிடைத்தது. முதலில் கையை நீட்டியவர் இன்னும் வாசலில் நிற்கிறார். ஆட்டத் திறனோடு குணத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது உங்கள் விதி. நூற்றில் ஒரு வாய்ப்பை நம்பி ஓர் ஆண்டு முழுக்க விரல்களுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த பொறுமை குணத்தில் சேராதா? இரக்கத்தால் அவருக்கு வாக்களிக்கும்படி நான் கேட்கவில்லை. அறுவையை ஒரு தட்டிலும் ஆட்டத்தை இன்னொரு தட்டிலும் வைக்காதீர்கள் என்று மட்டுமே கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024-இல் நீங்கள் தேர்ந்தெடுத்த டிக் ஆலன் 2020-லேயே இறந்துவிட்டார். அவரோடு தேர்வான டேவ் பார்க்கர், 2025 ஜூலையில் நடந்த விழாவுக்கு ஒரு மாதம் முன்பு காலமானார். டாமி ஜான் 1943-இல் பிறந்தவர். நீங்கள் அடுத்துக் கூடும்போது அவருக்கு 84 வயது. அவர் மேடையேறித் தன் வாயால் பேசும் காலத்திலேயே சென்ற முறை குறைந்த ஐந்து வாக்குகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் ரசிகர்